டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: சட்டசபைக்குப் போன ஒரு மருத்துவர்



மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். சட்டமன்றத்தில் பணியாற்றிய பெரியவர் ஒருவரைப் பற்றி, மாணவர்களுக்குப் பயன்படும்படி எழுதுங்கள் என்றார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் நடத்தியவள் நான். காமராஜர், கக்கன், ஜீவா என்று பல பெயர்கள் மனசில் வந்து போயின. கடைசியில் ஒரு பெயர் மட்டும் நகரவே இல்லை. அதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன்.

அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர். அவர் சட்டசபையில் இருந்தது நாலு வருஷம்கூட முழுசாக இல்லை. அந்தக் குறுகிய காலத்தில் அவர் என்ன செய்தார், அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதுதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது.

அவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். அவர் பிறந்தது புதுக்கோட்டையில், 1886 ஜூலை 30-ஆம் தேதி. அப்போது அது தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம். 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபோது அதைத் திருச்சி ஜில்லாவில் சேர்த்தார்கள். நம் பெரம்பலூரும் அரியலூரும் அதே திருச்சி ஜில்லாதான். 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாகப் போயிற்று. பெரம்பலூர் 1995-இல் பிரிந்தது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, 2007-இல் மீண்டும் தனியாயிற்று. ஆக, கால் நூற்றாண்டுக் காலம் அவர் ஊரும் நம் ஊர்களும் ஒரே கலெக்டரின் கீழ் இருந்தன. அந்த உரிமையில்தான் அவரை நம்ம ஜில்லாக்காரர் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

கல்லூரிக்குள் ஒரு பெண்

அவருடைய தகப்பனார் நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள், கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் தேவதாசி மரபில் வந்தவர். இந்த இணைப்புக்காக நாராயணசாமி ஐயரை அவருடைய சொந்த பந்தங்கள் ஒதுக்கிவைத்தார்கள். தகப்பன் பக்கத்துப் பெருமையும் தாயின் பக்கத்துப் பழிச்சொல்லும் ஒரே வீட்டுக்குள் இருந்தன. அந்த வீட்டில் மூத்த பெண்ணாகப் பிறந்தவர் முத்துலட்சுமி.

பெண்பிள்ளைக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்று இருந்த காலம். இவரோ வீட்டிலிருந்தபடியே படித்து மெட்ரிகுலேஷன் தேறிவிட்டார். அடுத்து கல்லூரிப் படிப்பு. ஊரில் இருந்த ஒரே கல்லூரி மகாராஜா கல்லூரி, அதில் ஆண்கள் மட்டும்தான். விண்ணப்பம் போனதும் எதிர்ப்புக் கிளம்பியது. பெண் என்பது ஒரு காரணம். தாயாரின் குலம் இன்னொரு காரணம். இந்தப் பெண் உள்ளே வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று பேசினார்கள். தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று சில பெற்றோர் பயமுறுத்தினார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அனுமதி கொடுத்தார்.

மூடிய வண்டியில் கல்லூரிக்கு வருவார். வகுப்பில் பையன்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரு திரை. வகுப்பு முடிந்ததும் முதலில் அவர் வெளியேற வேண்டும், பிறகுதான் பையன்கள் எழுந்திருப்பார்கள். இப்படித்தான் அங்கே படித்து முடித்தார்.

இதை நான் முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சையும் அடைத்தது. நான் 1974-இல் நம் கல்லூரியில் சேர்ந்தேன். குன்னம் பக்கத்துக் கிராமம். பருத்தியும் சோளமும் விளையும் கரிசல் காடு. மழை பெய்தால் பஸ் வராது. எங்க ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பொண்ணு நான்தான். எங்க வகுப்பில் திரை கிடையாது. ஆனால் முன் பெஞ்சு இரண்டும் பெண்களுக்கு. மணி அடித்ததும் நாங்க முதலில் எழுந்து போயிடணும், அப்புறம்தான் பையன்கள். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். மகாராஜா கல்லூரித் திரையைத் துணியாக நாங்க பார்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்கு

1907-இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். சின்ன வயதிலிருந்தே உடம்புக்கு ஆகாதவர், ஆஸ்துமா தொல்லை வேறு. ஆனாலும் பாடத்துக்குப் பாடம் பரிசும் பதக்கமும் வாங்கினார். அறுவை சிகிச்சைப் பாடத்திலும் முதலிடம். 1912-இல் பட்டம் பெற்று, எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்தார்.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். கல்யாணத்துக்குச் சம்மதிக்கும் முன் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பதுதான் அது. சுந்தர ரெட்டி ஒப்புக்கொண்டார், கடைசி வரை அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். இது நடந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பதை இன்றைய மாணவிகளும், முக்கியமாக மாணவர்களும், மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1925-இல் மேல்படிப்புக்காக அரசு உதவியுடன் இங்கிலாந்து போனார். பெண்கள், குழந்தைகள் நோய்களில் பயிற்சி பெற்றார். 1926-இல் பாரிஸில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். ஊர் திரும்பியதும்தான் சட்டசபை அவரைத் தேடி வந்தது.

நியமன உறுப்பினர்

சென்னை மாகாணத்தில் 1921-இல் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. அதுவும் சொத்து உள்ளவர்களுக்கு மட்டும். தேர்தலில் நிற்கும் உரிமை 1926-இல்தான் வந்தது. அந்தத் தேர்தலில் மங்களூர்ப் பக்கம் கமலாதேவி சட்டோபாத்யாய் நின்று மிகக் குறைந்த ஓட்டில் தோற்றுப்போனார். அப்போது இந்திய மாதர் சங்கம், நியமன உறுப்பினராக ஒரு பெண்ணைப் போட வேண்டும் என்று அரசிடம் கேட்டது. 1917-இல் அடையாற்றில் தொடங்கிய சங்கம் அது. அவர்கள் சொன்ன பெயர் முத்துலட்சுமி ரெட்டி.

அவருக்கு முதலில் தயக்கம். வைத்தியத் தொழில் கெட்டுப்போகும், நோயாளிகளை யார் பார்ப்பது என்ற கவலை. பிறகு ஒப்புக்கொண்டார். 1927-இல் மேலவை என்று நாம் பின்னால் அறிந்த அமைப்பு அல்ல இது. அன்று மாகாணத்துக்கு இருந்த ஒரே சட்டசபையே லெஜிஸ்லேடிவ் கவுன்சில்தான். நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள் உட்கார்ந்திருந்த சபையில் ஒரே ஒரு பெண். வந்த கொஞ்ச நாளிலேயே அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

துணைத் தலைவர் நாற்காலி கௌரவமானது. அதில் சும்மா உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால்கூட முதல் பெண் என்ற பெயர் நின்றிருக்கும். அவர் அப்படி இருக்கவில்லை. ஒரு டாக்டர் நோயாளியைப் பார்க்கிற மாதிரி சமூகத்தைப் பார்த்தார். எங்கே வலி, எதனால் வலி, எதை வெட்ட வேண்டும், வெட்டிய பிறகு என்ன கட்டுப் போட வேண்டும் என்று வரிசையாகக் கேட்டார்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். ஏழைச் சிறுமிகளுக்கு எட்டாம் வகுப்பு வரை கட்டணம் வாங்கக் கூடாது என்று போராடினார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி கேட்டார். பெண்ணின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பிரசவத்துக்கு வந்து செத்துப்போகும் பெண்களை எழும்பூர் வார்டில் கண்ணால் கண்டவர் அவர். 1929-இல் மத்திய சட்டசபையில் சாரதா சட்டம் நிறைவேறி, பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வயது வரம்பு வந்தது. அதற்கு நாடு முழுவதும் எழுந்த குரல்களில் அவர் குரலும் ஒன்று. விபசார விடுதிகளை ஒழிக்கும் சென்னைச் சட்டம் 1930-இல் வந்ததற்குப் பின்னாலும் அவருடைய உழைப்பு இருக்கிறது. இதற்கு நடுவில் இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்ட்டாக் குழுவிலும் உறுப்பினராக இருந்து பல மாகாணங்களைச் சுற்றிவந்தார்.

பொட்டும் மானியமும்

அவருடைய சட்டசபை வாழ்க்கையில் பெரிய போராட்டம் தேவதாசி முறையை ஒழிப்பதுதான்.

இந்த விஷயத்தை மாணவர்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சின்னப் பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக் கட்டிவிடுவார்கள். அதன் பிறகு அவளுக்குக் கல்யாணம் கிடையாது. ஆட்டம், பாட்டு, கோயில் பணி. அதற்கு ஈடாக அந்தக் குடும்பத்துக்கு மானிய நிலம். சோழர் காலத்தில் இவர்களுக்குப் பெரிய மதிப்பு இருந்தது, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் நானூறு ஆடல் மகளிரின் பெயர்கள் இருக்கின்றன. நம் கங்கைகொண்ட சோழபுரத்தில் நின்று பார்க்கும்போதெல்லாம் அந்தக் காலத்தை நினைத்துக்கொள்வேன். ஆனால் ராஜாக்கள் போன பிறகு, கோயில் வருமானம் குறைந்த பிறகு, பெரும்பாலான பெண்களுக்கு மிஞ்சியது பணக்காரர்களின் தயவுதான். நிலம் வேண்டுமென்றால் வீட்டில் ஒருத்தி பொட்டுக் கட்டியாக வேண்டும். பொட்டை விட்டால் நிலம் போய்விடும். அந்த முடிச்சில்தான் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

முத்துலட்சுமி முதலில் கைவைத்தது அந்த முடிச்சில்தான். 1927-இல் பொட்டுக் கட்டுவதை நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அடுத்து இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கோயில் ஊழியம் செய்யாவிட்டாலும் மானிய நிலம் அந்தப் பெண்ணுக்கே சொந்தம், அதற்கு வரி கட்டினால் போதும் என்பதுதான் அதன் சாரம். 1929-இல் அது நிறைவேறியது. பார்ப்பதற்குச் சின்னத் திருத்தம். ஆனால் பிழைப்புக்கு வழி செய்யாமல் சும்மா விடுதலை என்று சொன்னால் அது விடுதலை ஆகாது என்பதை அந்த டாக்டர் புரிந்துவைத்திருந்தார். பிறகு பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை 1930-இல் கொண்டுவந்தார்.

எதிர்ப்பு எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. இது சாஸ்திரம், கலை, கோயில் மரபு, இதில் சர்க்கார் தலையிடக் கூடாது என்று படித்த பெரிய மனிதர்களே பேசினார்கள். காந்தியடிகளும் பெரியாரும், ஒருவருக்கொருவர் எத்தனையோ விஷயங்களில் முரண்பட்டவர்கள், இந்த ஒன்றில் அவரை ஆதரித்தார்கள். அதே மரபில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் கிராமம் கிராமமாகப் போய்ப் பேசினார்.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் சரித்திர ஆசிரியை இல்லை. தேவதாசிப் பெண்களில் பலரும் மசோதாவை எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரும் கலைஞர்கள், எங்களில் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து விபசாரிகள் என்று சொல்லாதீர்கள், எங்கள் கலையும் சொத்துரிமையும் என்ன ஆவது என்ற கருத்தில் வாதாடினார்கள். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பிற்காலத்தில் சதிர் ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் சபா மேடைக்கு ஏறியது. அதைத் தலைமுறைகளாகக் காப்பாற்றி வந்த குடும்பத்துப் பெண்கள் பலர் வறுமையில் ஒதுங்கிப்போனார்கள். முத்துலட்சுமி செய்தது சரிதான் என்பது என் முடிவு. ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

நாற்காலியை விட்டது

1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம். ராஜாஜி தன் தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கியது நம் திருச்சியிலிருந்துதான். அந்த வருஷம் காந்தியடிகள் கைதானார். முத்துலட்சுமி தன் சட்டசபைப் பதவியை ராஜினாமா செய்துவிட்டார்.

அவருடைய மசோதா அப்போது பாதி வழியில் நின்றது. இன்னும் கொஞ்ச நாள் இருந்து அதை முடித்துவிட்டுப் போயிருக்கலாமே என்று நான் நினைத்ததுண்டு. அவர் போன பிறகு மசோதா கிடப்பில் விழுந்தது. நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிரதமராக இருந்த 1947-இல்தான் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சென்னை மாகாணத்தில் முதலமைச்சரை அப்போது பிரதமர் என்றுதான் சொல்வார்கள். பதினேழு வருஷ தாமதம். அந்தப் பதினேழு வருஷத்தில் எத்தனை சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டியிருப்பார்கள் என்று யோசித்தால் மனசு கனக்கிறது.

ஆனால் பதவி போன பிறகு அவர் சும்மா இருந்தாரா என்றால் அதுதான் இல்லை. தேவதாசிக் குடும்பங்களிலிருந்து சில சிறுமிகள் படிக்க வழி தேடி அவரிடம் வந்து நின்றார்கள். மற்ற விடுதிகளில் அவர்களுக்கு இடமில்லை. பேச்சு மேடையில் பெண் விடுதலை பேசுபவர்கள்கூடத் தங்கள் பிள்ளைகளோடு இந்தப் பிள்ளைகளைத் தங்கவைக்கத் தயாராக இல்லை. முத்துலட்சுமி அவர்களைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 1930-இல் அப்படித்தான் அவ்வை இல்லம் பிறந்தது. இன்றும் அடையாறு பகுதியில் ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்கு வீடாகவும் பள்ளியாகவும் இருக்கிறது. சட்டசபையில் செய்ததைவிட இதுதான் பெரிய காரியம் என்று நான் சொல்லுவேன். சட்டம் கதவைத் திறந்துவிடும். வெளியே வந்த பெண் ராத்திரி எங்கே படுப்பாள் என்று சட்டம் கேட்காது. அவர் கேட்டார்.

அடையாறு

அவருடைய தங்கை ஒருவர் 1923-இல் புற்றுநோயால் இறந்துபோனார். வீட்டில் டாக்டர் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துக்கத்தை அவர் முப்பது வருஷம் சுமந்தார். புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் தேதி அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 67. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். சாந்தா அம்மையார் 2021-இல் மறையும் வரை அதுவே அவருடைய வீடாக இருந்தது.

அந்தப் 12 படுக்கைகளின் கடன் எங்கள் குடும்பத்துக்கும் உண்டு. 1983-இல் எங்க அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று. உள்ளூரில் பார்த்துவிட்டு மெட்ராஸுக்குக் கொண்டுபோங்க என்று சொல்லிவிட்டார்கள். அரியலூர் ஸ்டேஷனில் ராத்திரி ரயிலேறினோம். அம்மா வழியெல்லாம் பேசவில்லை. நிலத்தை விற்றுடாதே என்று மட்டும் ஒரு தடவை சொன்னாங்க. அடையாற்றில் வாரக்கணக்கில் இருந்து கரண்ட் வைத்தார்கள். எங்க பக்கம் ரேடியேஷனுக்கு அப்படித்தான் சொல்வோம். நிலத்தை விற்க வேண்டிய நிலை வரவில்லை. அம்மா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தாங்க. என் பிள்ளைகள் இரண்டு பேரையும் அவங்கதான் வளர்த்தாங்க. அங்கே வராந்தாவில் காத்துக்கொண்டிருந்த பகல் பொழுதுகளில்தான், பாடப் புத்தகத்தில் ஒரு வரியாக இருந்த முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி நான் முழுசாகத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன்.

1956-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22-ஆம் தேதி, 82 வயது நிறைய எட்டு நாள் இருக்கும்போது, மறைந்தார். தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கியது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 2022-இல் உயர்கல்வி உறுதித் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் என்று தொடங்கிய திட்டம் அது. அந்தப் பணத்தை வாங்கிய மாணவிகள், அந்தப் பெயர் யாருடையது என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்திருப்பார்களா தெரியாது. 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. எங்க அம்மாவை ராத்திரி ரயிலில் கூட்டிப்போன ஊரில் இன்று பெண்கள் வெள்ளைக் கோட்டுப் போட்டு நடக்கிறார்கள். அதைப் பார்க்க அவர் இருந்திருக்க வேண்டும்.

என் சொந்தக் காரணம்

இனி நான் தொடக்கத்தில் சொன்ன விஷயம்.

எங்கள் வகுப்பில் முன் பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் சொல்லவில்லை. என்னைவிட நன்றாகப் படிப்பாள், அழகான கையெழுத்து, நன்றாகப் பாடுவாள். ஆண்டு விழாவில் பாடினாள். அதற்கு அடுத்த வாரம் அவளுடைய பாட்டி கோயிலில் ஆடியவர் என்று எப்படியோ செய்தி பரவிவிட்டது. முதலில் ஜாடைமாடையாகப் பேசினார்கள். பிறகு கரும்பலகையில் எழுதினார்கள். பையன்கள் எழுதினார்கள் என்பது உண்மை. பெண்கள் நாங்கள் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தோம் என்பதும் உண்மை. நானும் தள்ளி உட்கார்ந்தேன். யாராவது என்னையும் சேர்த்துப் பேசிவிடுவார்களோ என்ற பயம். இரண்டாம் வருஷம் பாதியில் அவள் வருவதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று ஆசிரியர் கேட்டார். எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை.

1947-இல் சட்டம் வந்துவிட்டது. எங்கள் வகுப்பில் அந்தக் கரும்பலகை நடந்தது 1975-இல். சந்திரம்மாளின் மகள் உள்ளே வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று புதுக்கோட்டையில் பேசினார்களே, அதே பேச்சுத்தான். எழுபது வருஷம் கழித்தும் அது சாகவில்லை. சட்டசபையில் ஒருத்தர் செய்ய வேண்டியது ஒன்று. வகுப்பறையில், பெஞ்சில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் செய்ய வேண்டியது இன்னொன்று. முத்துலட்சுமி ரெட்டி இரண்டையும் செய்தார், சட்டமும் கொண்டுவந்தார், வீட்டுக் கதவையும் திறந்தார். எனக்கு இருந்த வேலை மிகச் சின்னது, தள்ளாமல் உட்கார்ந்திருந்தால் போதும். அதை நான் செய்யவில்லை.

பின்னால் ஆசிரியை ஆன பிறகு, ஒவ்வொரு வருஷமும் சேர்க்கை நேரத்தில், எந்தப் பிள்ளை பக்கத்தில் மற்ற பிள்ளைகள் உட்காரத் தயங்குகிறார்கள் என்று கவனிப்பேன். அங்கே போய் என் நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். அது பிராயச்சித்தம் என்று சொல்ல மாட்டேன். பிராயச்சித்தம் அவளிடம்தான் செய்ய வேண்டும்.

இன்றைய மாணவ மாணவியருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். உங்களில் சிலர் நாளைக்குச் சட்டமன்றத்துக்குப் போகலாம், போக வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் பெஞ்சைப் பாருங்கள். யார் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள்.

என் பழைய தோழிக்கும் ஒரு வார்த்தை. இந்த மலர் எப்படியாவது உன் கைக்கு வந்து சேர்ந்தால், பட்டம் வாங்காதவர்களும் முன்னாள் மாணவர்கள்தான் என்று சங்கத்தாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சந்திப்புக்கு வா. முன் பெஞ்சில் உன் பக்கத்தில் நான் உட்காருகிறேன்.

வாழ்க நம் கல்லூரி.